நான் ஆங்கிலத்தில் புதைத்தது நாயைத்தான்

அனுப்புநர்
ம. அமிர்தராஜ் (வயது 44),
குளிர்பதனக் கிடங்கு மெக்கானிக்,
மேட்டுத் தெரு, கோம்பை,
உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம், தேனி.

பொருள்: வெளிநாட்டு வேலை விசாவுக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சியாக நான் பேசிய ஒலிப்பதிவை ஊரார் கொலை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டது – காணாமல் போன திரு. சுருளியாண்டியைத் தேடக் கோருவது – எனது காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று நின்றுபோயிருப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரில் மனு என்றால் ஜெராக்ஸ் கடை ஒச்சாண்டிதான் தட்டச்சு செய்து தருவார். அவரிடம் இதைக் கொண்டுபோக முடியாத காரணம் கீழே வருகிறது. எனவே கைப்பட எழுதுகிறேன். எழுத்துகள் சில இடங்களில் கோணலாக இருக்கும். அதற்குக் காரணம் குடி அல்ல, பயம்.

1. முதலில் ஒரு விளக்கம். இம்மனுவில் ‘அது’ என்று வந்தால் என் நாய். வேறு ஆளைச் சொல்லாத இடத்தில் ‘அவர்’ என்று வந்தால் எங்கள் தெரு ஜீப் டிரைவர் திரு. சுருளியாண்டி. என் நாயின் பெயரும் சுருளி. தயவுகூர்ந்து மாற்றிப் படிக்க வேண்டாம். மாற்றிப் படித்ததால்தான் இவ்வளவும்.

2. நான் இருபது ஆண்டுகளாகக் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கிடங்குகளின் குளிர்சாதன இயந்திரங்களைப் பழுது பார்த்து வருகிறேன். இந்த வேலைக்கு ஆஸ்திரேலியாவில் ஆள் தேவைப்படுகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். கம்ப்ரசருக்கு எந்த மொழியும் தெரியாது. ஆனால் அதைப் பிரிக்கிறவனுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பது அவர்கள் சட்டம். கேட்பது, படிப்பது, எழுதுவது மூன்றிலும் ஒருவாறு தேறினேன். பேசுவதில் இருமுறை தோற்றேன். ஊரில் என்னை ‘வாய்’ அமிர்தராஜ் என்பார்கள். பேச்சில் தோற்றதைக் கேட்டுத் தெருவே ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தது. நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டால் அந்த நாடு கதவை அடைத்துவிடும். எனக்கு இன்னும் சில மாதங்களே இருக்கின்றன.

3. இனி நாய். கோம்பையில் கோம்பை நாய் வளர்ப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. செந்நிறம், கறுத்த மூஞ்சி. சுருளி அருவிக்குப் போய் வந்த அன்று வாங்கியதால் என் மகள் அதற்குச் சுருளி என்று பெயர் வைத்தாள். அடுத்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் அவர் இருக்கிறார் என்பதை அந்தப் பிள்ளையும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. “ஏலே சுருளி, இங்கன வாடா” என்று நான் வாசலில் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு ஆத்திரம் வரும். “ஏம்யா, ஒங்க வேதத்துல பேரே இல்லையா? நாய்க்கு எம்பேரத்தான் வைக்கணுமாக்கும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானோ பேருந்து நிறுத்தத்தில் அத்தனை பேர் முன்னிலையில், “இந்தத் தெருவுக்கு ஒரு சுருளி போதும்யா. எந்தச் சுருளிங்கிறத சீக்கிரமே முடிவு பண்ணிருவோம்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்று சிரித்தவர்கள்தான் இன்று சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்கள்.

4. சென்ற பங்குனியில் அதற்கு வெறி பிடித்தது. என் மைத்துனன் சகாய பிரவீனைக் கடித்துவிட்டது. அவனுக்கு முறையாகத் தடுப்பூசி போட்டோம், நன்றாக இருக்கிறான். கால்நடை மருத்துவரை வரவழைத்து, அதைக் கட்டிப்போட்டு ஊசி போடச் செய்து, மைத்துனனின் திராட்சைத் தோட்டத்தில் பந்தலுக்கு அடியில் புதைத்தோம். அன்று என் மனைவி ரோஸ்லினும் மகளும் பக்கத்து ஊரான தேவாரத்தில் ஒரு திருமண வீட்டில் இருந்தார்கள். மகள் திரும்பி வந்து, “சுருளி எங்கப்பா?” என்றாள். மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் காவலுக்குச் சேர்த்துவிட்டேன் என்றேன். பொய்யை அத்தோடு விட்டிருக்கலாம். “அங்கன அதுக்கு யூனிபார்ம் குடுத்திருக்காக, ஞாயித்துக்கிழமை லீவு” என்றும் சேர்த்தேன். மகள் சிரித்தாள். அதே கதையைத் தெருவுக்கும் சொன்னேன். ஆகவே ஐயா, மேட்டுத் தெருவின் கணக்கில் என் நாய் இன்றும் மேகமலையில் உத்தியோகத்தில் இருக்கிறது. ரோஸ்லினிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை, மைத்துனனையும் சொல்லவிடவில்லை. அவள் வாய் என் வாயைவிடப் பெரிது என்ற பயம்.

5. அதே வாரத்தில் அவர், கேரளப் பக்கம் உள்ள ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போவதாக மனைவி தேவயானியிடம் சொல்லிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். ஜீப்பை எடுத்துப் போகவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. இன்றுவரை திரும்பவில்லை. தேவயானி முறையாகப் புகார் கொடுத்தார். அப்போது என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

6. வைகாசியில் நான் கம்பத்தில் ஓர் ஆங்கிலப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். பாஜிலா டீச்சர் நல்லவர், கண்டிப்பானவர். ‘நீங்கள் எடுத்த ஒரு கடினமான முடிவு’ என்ற தலைப்பில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து வகுப்புக் குழுவுக்கு அனுப்பச் சொன்னார். அவர் சொல்லிக்கொடுத்த விதிகள் மூன்று. ஒன்று, ‘டாக்’ என்பது மூன்றாம் வகுப்புச் சொல், அதற்கு மார்க் கிடையாது, உயர்ந்த சொல்லாகப் போடுங்கள். இரண்டு, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மார்க் குறையும். மூன்று, “வளர்ப்புப் பிராணிய அந்த ஊர்க்காரக ‘இட்’னு சொல்ல மாட்டாக சார், ‘ஹி’ன்னுதான் சொல்வாக.” இம்மூன்றையும் நான் அப்படியே கடைப்பிடித்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் ஆசிரியர் பேச்சைக் கேட்டேன்.

டீச்சருக்கு ஒரே மகிழ்ச்சி. “இன்னைக்குத்தான் சார் நீங்க மனசுல இருந்து பேசியிருக்கீக!” என்றார். அந்தப் பாராட்டு என் தலைக்கேறிவிட்டது. என் ஆங்கிலத்தை ஊர் கேட்கட்டும் என்று அதே பதிவை எங்கள் தெருக் குழுவிலும் போட்டேன். இது என் கையால் நானே செய்தது. யார்மீதும் பழி இல்லை.

7. தெருவில் பலருக்கு ஆங்கிலம் புரியாது, அந்தத் தைரியத்தில்தான் போட்டேன். புரியும்படிச் செய்தவர் மேற்படி ஒச்சாண்டி. அவர் செய்த தமிழாக்கம் பின்வருமாறு:

“சுருளி என் விசுவாசமான நண்பன். ஆனால் திடீரென்று அவன் ஆபத்தானவனாக மாறினான். என் மைத்துனனைத் தாக்கினான். நாங்கள் அவனைக் கண்டு பயந்தோம். நாங்கள் அவன் கைகளையும் கால்களையும் கட்டினோம். ஒரு டாக்டர் வந்து ஊசி போட்டார். அவன் என் கண்களைப் பார்த்தபடியே செத்தான். அவனைத் திராட்சைத் தோட்டத்தில் புதைத்தோம். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. இது கடினமான முடிவு. ஆனாலும் சரியான முடிவு.”

மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை ஐயா. ‘முன்னங்கால்’ என்பதற்கு ஆங்கிலம் தெரியாமல் ‘ஹேண்ட்ஸ்’ என்று சொன்னவன் நான். ‘டாக்’கை விட்டு ‘விசுவாசமான நண்பன்’ என்று உயர்ந்த சொல் போட்டவனும், நாய்க்கு ‘ஹி’ போட்டவனும் நான். தமிழுக்கு வந்தபோது அந்த ‘ஹி’ நேராக ‘அவன்’ ஆகிவிட்டது. ‘டெயில்’ என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும். வால் என்று ஓர் இடத்தில் சொல்லியிருந்தால் இந்த மனுவே இல்லை. சொல்லவில்லை.

8. பதிவு போட்ட மறுநாள் காலையிலிருந்து தெருவில் எனக்கு வணக்கம் சொல்பவர்கள் குறைந்தார்கள். டீக்கடையில் நான் உட்கார்ந்த பெஞ்சு காலியாகிவிடுகிறது. அந்த ‘டாக்டர்’ யார் என்று ஒரு தனி ஆராய்ச்சி நடக்கிறது. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் மருந்துச் சீசாவை வாங்கி ஒருமுறை படித்துப் பார்க்கிறார்களாம். நான் நாய் என்று சொன்னால், “நாய்தான் மேகமலைல யூனிபார்மோட நிக்கிதே அண்ணே” என்று வேல்பாண்டி என்கிற பால்காரர் என் வாசலில் நின்றே கேட்டார். நான் சொன்ன நகைச்சுவைகளில் அந்த யூனிபார்மைத்தான் ஊர் முழுவதுமாக நம்பியிருக்கிறது.

9. இனி எழுதப்போவது என் முட்டாள்தனம். எலும்பை எடுத்துக் காட்டிவிடலாம் என்று பட்டப்பகலில் மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போனேன். நாலு கொத்துக்கூடக் கொத்தியிருக்க மாட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். ஒரு போன் என்னைப் படம் எடுத்தது. நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது ‘தடயத்தை அழிக்கப் போனான்’ என்று சொல்கிறார்கள். அதைக் கேட்டு என் மைத்துனன் பயந்து வீட்டை விட்டுப் போய்விட்டான். எங்கே போனான் என்று விசாரித்தேன். மேகமலை என்றார்கள். அவன் ஒளிந்துகொள்ள வேறு ஊரே கிடைக்கவில்லையா என்று தெரியவில்லை. அந்தக் கால்நடை மருத்துவரும் மாறுதலில் வேறு மாவட்டம் போய்விட்டார். தெரிந்தவர்களைக் கொண்டு விசாரித்தும் அவர் எண் கிடைக்கவில்லை.

10. இந்த நிலையில் விசாவுக்கான காவல்துறைச் சரிபார்ப்புக்காக ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். “பாக்க நல்ல மனுசராத்தான் தெரியிறீக. ஆனா ஆடியோ இருக்கே, அண்ணே” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் கையில் விலங்கோடு வந்திருப்பேன். என் தாள் அப்படியே நிற்கிறது.

அவர் போன பிறகு ரோஸ்லின் கதவைச் சாத்தினாள். அடுப்படியில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல், “நிசமாவே நாய்தானேங்க?” என்று கேட்டாள். பதினேழு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள். நான் சத்தியம் செய்தேன். அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து மகளைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறாள்.

11. இதுவரை என் பயத்தை எழுதினேன். இந்த மனுவை எழுத வைத்தது வேறொன்று.

சென்ற வெள்ளிக்கிழமை தேவயானி என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நான் உள்ளே போய்விட்டேன். அவர் சத்தம் போடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார். “அண்ணே, நான் ஸ்டேசனுக்கெல்லாம் போக மாட்டேன். ஒங்களத் திட்டவும் மாட்டேன். எங்கன வச்சிருக்கீகன்னு மட்டும் சொல்லுங்க. பிள்ளைக ஒரு பூப்போட ஒரு எடம் வேணும்ல” என்றார். எந்தச் சாவு வீட்டிலும் பேச்சுக்குக் குறைவில்லாத நான் வாசலுக்கு வந்து மூன்றே சொல் சொன்னேன். “தங்கச்சி, அது நாய்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், செத்தவரை நான் நாய் என்று சொல்லிவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டது தெரிந்தது. எழுந்து போய்விட்டார்.

ஐயா, அந்த அம்மா அதற்கு முன்பெல்லாம் தினமும் கம்பம் பேருந்து நிலையத்துக்குப் போய், ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகளில் தன் கணவர் படத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் பதிவு வந்த நாளிலிருந்து போவதில்லை. டிரைவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். தெருச் சுவர்களில் ஒட்டியிருந்த அவர் படத்தை மழை கரைத்துவிட்டது, யாரும் புதிதாக ஒட்டவில்லை. அவரைத் தேடுவது என் இரண்டு நிமிட ஆங்கிலத்தோடு நின்றுவிட்டது. அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை இல்லாமல் கேரளப் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் காய்ச்சலோடு கிடக்கலாம். ஏதாவது கோபத்தில் போயிருந்தால், யாராவது தேடி வந்தால் திரும்பலாம் என்று காத்திருக்கலாம். யாரும் போகவில்லை. எல்லோரும் திராட்சைத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் கதி என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பந்தலுக்கு அடியில் கிடப்பது அவர் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் ஊரில் இருவர். ஒருவன் ஓடிவிட்டான். மிச்சம் நான். ஆகவே அவர் உயிரோடு இருக்கக்கூடும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அவருக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது. அவருடைய உயிருக்காக இப்போது தினமும் கோவிலில் முழங்காலிடுகிறவன் நான். உயிரில்லாமல் அவர் கிடைத்தால் எனக்கு என்ன ஆகும் என்பதைத் தமிழில்கூட யோசிக்க என்னால் முடியவில்லை.

12. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது:

(அ) திரு. சுருளியாண்டி அவர்களைத் தேடும் பணியை உடனே மீண்டும் தொடங்க வேண்டும். கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள், அங்குள்ள லயங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் விசாரிக்க வேண்டும்.

(ஆ) தோட்டத்தில் நான் காட்டும் இடத்தைத் தங்கள் ஆட்களும் ஒரு கால்நடை மருத்துவரும் முன்னின்று தோண்ட வேண்டும். நான் மண்வெட்டியைத் தொட மாட்டேன். தேவயானி அவர்களும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும். அவர் கண்ணால் பார்த்தால்தான் மறுபடி தேடப் புறப்படுவார்.

(இ) நின்றுபோன எனது சரிபார்ப்புச் சான்றை வழங்க வேண்டும். மனு எழுத முதலில் நினைத்தபோது இதுதான் முதல் கோரிக்கையாக இருந்தது. இப்போது மூன்றாவதாகவே இருக்கட்டும். வயது கடந்து கதவு அடைபட்டாலும் இதற்காக (அ)வைத் தள்ளிப்போட வேண்டாம்.

அவரைப் பற்றி நல்ல செய்தி ஏதும் கிடைத்தால், அது எந்த நேரமாக இருந்தாலும், முதலில் தேவயானி வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். அவர்கள் வாசலில் விளக்கு எரிவதைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன்.

இணைப்பு: 1. ஒலிப்பதிவு. 2. நாயின் புகைப்படம் (வால் தெரியும்படி). 3. தேவயானி அவர்களிடமிருந்து முன்பு தெருக் குழுவில் வந்த திரு. சுருளியாண்டியின் படம்.

இடம்: கோம்பை
நாள்: 14.07.2025

தங்கள் அழைப்புக்கு ஊரை விட்டு நகராமல் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ம. அமிர்தராஜ்