மூன்று கார்பரேட்டரும் மாரியம்மாளும்

செவ்வாய், ஆனி 10.

என் பழைய காரின் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்குப் கார்பரேட்டர்களை இன்ஜினோடு இணைக்கும் மேனிபோல்டு குழாய் புதிதாக வைத்து, ஒன்றுக்குப் பதில் மூன்று கார்பரேட்டர் மாட்டினார் மெக்கானிக் காதர். மூன்றும் ஒரே குரலில் சேர்ந்து வாசிக்கும் பிள்ளைகள் மாதிரி ஒத்துப்போக வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ஒன்று பிந்தியது, புகைக்குழாயில் டமாரென்று வெடிச்சத்தம்.

சத்தம் வரும் என்று தெருவில் எல்லோரிடமும் முன்பே சொல்லியிருந்தேன். பக்கத்து வீட்டு மாரியம்மாள் பட்டாசு ஆலை வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்து அவளிடம் மட்டும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு தெருமுனைவரை ஓடிவிட்டாள்.

"கார்தாம்மா" என்றேன், திரும்பி வந்தவளிடம்.

"சத்தம் கேட்டா ஓடிரணும் சார். என்னன்னு பெறகு பாத்துக்கிடலாம். நாளைக்கும் வெடிக்குமா?"

"மூணும் செட்டாகுறதுக்கு இன்னும் நாலு வெடி உண்டு தாயி" என்று சிரித்தார் காதர். அவள் சிரிக்கவில்லை.

நாளை வண்டியைக் கண்மாய்க்கரைக்குத் தள்ளிப்போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதை இப்போதே போய்ச் சொல்லிவிடலாமா? அவள் வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது.