உன் இழுப்பும் என் மகளின் இருமலும்

இன்று காலை பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தார்கள். திராட்சைப் பந்தலுக்கு அடிக்கும் மருந்தின் கசந்த வாடை வாசல்வரை வந்ததும், அடுப்படியில் இருந்த அத்தை எழுந்துபோய்த் தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்தினார். சாத்திவிட்டுக் கொக்கியில் கைவைத்தபடியே கொஞ்சநேரம் நின்றார். அந்தச் சன்னலுக்குக் கீழே கிடக்கும் நாற்காலியில்தான் நீ எப்போதும் உட்காருவாய். நீ வரும் நாள்களில் உனக்காகச் சாத்திய சன்னல் அது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அத்தை என்னைப் பார்த்தார்.

இதே அத்தைதான், என் கணவரின் அம்மா, ஒருநாள் உன் மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போனவர். அதை நீ மறந்திருப்பாய். எனக்கு மறக்கவில்லை.

மகளுக்கு அப்போது தலை நிற்கத் தொடங்கியிருந்தது. இருமல் வந்தால் விடாது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டி, கடைசியில் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில் கேட்கும். அந்த விசிலைக் கேட்ட முதல் நாளே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. உத்தமபாளையத்துக்குக் கல்லூரிப் பேருந்தில் போன வருடங்களெல்லாம் என் தோளுக்குப் பக்கத்தில் கேட்ட சத்தம் அது. உன்னுடைய சத்தம்.

உன்னோடு நூலகத்துக்குப் போன மாலைகள் நினைவுக்கு வருகின்றன. உள்ளறைப் புத்தகத் தூசி உனக்கு ஆகாது. நான் உள்ளே நின்று அலமாரியில் இருக்கும் தலைப்புகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பேன். நீ வாசல்படியில் நின்றுகொண்டு, "வேணாம், வேணாம், ஆங், அத எடு" என்பாய். எடுத்துவந்து வெளியே தட்டித் துடைத்து உன் கையில் கொடுப்பேன். என் வாசிப்பில் பாதி நீ வாசல்படியிலிருந்து தேர்ந்தெடுத்தது. என் மகளும் இப்படி ஏதோ ஒரு வாசலில் நின்றுவிடுவாளோ என்பதுதான் அப்போது என் பயம். அதை உன்னிடம் எப்படிச் சொல்ல முடியும்?

தேனியில் குழந்தைகள் டாக்டரம்மாவிடம் காட்டினோம். வீட்டில் யாருக்காவது இழுப்பு உண்டா என்று கேட்டார். என் கணவரின் பெரியப்பாவுக்கு இருந்தது. எப்போது வருகிறது என்று கேட்டார். "மருந்து அடிக்கிறப்ப" என்று அத்தையும் என் கணவரும் நானும் ஒன்றாகச் சொன்னோம். இவ்வளவு சின்ன வயதில் ஆஸ்துமா என்று முத்திரை குத்திவிட முடியாது, பார்க்கலாம் என்றார். நெபுலைசர் வைத்தார்கள். வீட்டில் கொடுக்கவும் மருந்து எழுதினார். ஒன்றிலும் குறையவில்லை.

எங்கள் பக்கத்தில் திராட்சைக்கு ஓய்வு கிடையாது. ஒரு தோட்டத்தில் குலை வெட்டு நடந்தால் அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் கொடி கழிக்கும் கவாத்து. எந்த வாரமானாலும் யாராவது ஒருவர் மருந்து அடித்துக்கொண்டுதான் இருப்பார். இருமலுக்குக் காரணம் தேடினால் அது கண்ணெதிரே நிற்கும்.

"புள்ளைக்கு ஆகாத தோட்டம் நமக்கு எதுக்கு? பந்தலப் பிரிச்சிட்டு வாழை வச்சுக்கிருவோம்" என்றார் என் கணவர். அவர் கையால் ஊன்றிய கொடிகள். சொல்லிவிட்டு அன்று அவர் சாப்பிடவில்லை. பந்தலைப் பிரிக்கும்வரை நானும் குழந்தையும் ஆண்டிபட்டியில் என் அம்மா வீட்டில் இருப்பது என்று முடிவானது. அது காய்ந்த ஊர், திராட்சை இல்லை, காற்று மாறினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த நாள்களில்தான் நீ வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாய். "கருந்திராட்சை" என்று நீ வைத்த பெயரைச் சொல்லிக் கொஞ்சினாய். அத்தை வந்து குழந்தையை எடுத்துக்கொண்டார்.

"ஏ ஆத்தா, தப்பா எடுத்துக்காத. உனக்கு இழுப்பு இருக்குல்ல. பச்சப்புள்ள, ஒட்டிக்கிரும்."

நீ சிரித்தாய். "என் இழுப்பு எனக்கே பத்தலம்மா. இதுல உங்க பேத்திக்கு எங்கிட்டிருந்து குடுக்க?"

அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் குழந்தையைத் திருப்பித் தரவில்லை. நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். உன் கைகள் மட்டும், குழந்தை இன்னும் அங்கேயே இருப்பதுபோல், மடியில் வளைந்தபடி இருந்தன. அதை நான் பார்த்தேன் என்று உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.

நான் ஆண்டிபட்டிக்குக் கிளம்ப வேண்டிய அன்று நீ காலையிலேயே வழியனுப்ப வந்துவிட்டாய். எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காற்று வீட்டுப் பக்கமாக வீசியது. குழந்தை அன்று நேரங்கழித்துத் தூங்கி எழுந்ததால் இன்னும் பால் குடிக்கவில்லை. என் மடியில் கிடந்தாள். நீ சன்னலோர நாற்காலியில் இருந்தாய். பேசிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாய். தோள்கள் ஏறின. பையைத் துழாவி நீலக் குழாயை எடுத்து வாயில் வைத்து இழுத்தாய். அந்தப் புஸ் சத்தத்தைக் கேட்டுக் குழந்தை உன்னைப் பார்த்துக் கெக்கலித்துச் சிரித்தது.

பேச முடியாமல் நீ விரலால் அவளைக் காட்டினாய். எனக்குப் புரியவில்லை. நான் உன் முதுகைத் தடவினேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

"என்னய விடுடி. அவளப் பாரு. எனக்கு இழுக்குது, அவ சிரிக்கிறா."

"அதுக்கென்ன இப்ப?"

"என்னோடது அவளுக்கு இருந்தா இந்நேரம் ரெண்டு பேரும் சேந்துல்ல விசிலடிச்சிருப்போம்?"

மோட்டார் நின்றது. வாடையும் போனது. நான் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்தேன். மருந்தடித்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். வழக்கம்போல் குழந்தையைச் சேலைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். தோசை திருப்புவதற்குள் இருமல் கேட்டது. விசிலும் கேட்டது.

எனக்கு முன்பே நீ ஓடிப்போய் அவளைத் தூக்கியிருந்தாய். வாயோரம் வழிந்திருந்த பாலை முகர்ந்து பார்த்தாய். அத்தை தடுக்கவில்லை.

"புளிச்ச வாடை வருதுடி. தெனமும் பால் குடுத்த கையோட தொட்டில்லதான் போடுவியா?"

"மருந்தடிக்கிற அன்னைக்கு வேற வழி? ஆளுகளுக்குச் சோறு பொங்கணும்ல."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எனக்கே கேட்டது. விடியலில் மருந்து அடிப்பார்கள். அதனால் எனக்கு அடுப்படி வேலை. அதனால் குழந்தைக்கு ஒரேயடியாக வயிறு முட்டப் பால், உடனே தொட்டில். மருந்தும் பாலும் எப்போதும் கைகோத்தே வந்தன. நாங்கள் மருந்தை மட்டும் பார்த்தோம். மருந்தடிக்காத நாள்களில் வந்த இருமலுக்கு அடுத்த ஊர்க் காற்றைக் குற்றம் சொன்னோம்.

ஆண்டிபட்டி பேருந்துக்குப் பதிலாகத் தேனி பேருந்தில் ஏறினோம். நீயும் வந்தாய். டாக்டரம்மா உன்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

"நான் ஒரிஜினல் ஆஸ்துமா, டாக்டர்" என்றாய்.

அவர் சிரித்துவிட்டு, நடந்ததை முழுவதும் சொல்லச் சொன்னார். பால் மேலே வருகிறதா, குடிக்கும்போது முதுகை வில்லாக வளைத்து அழுகிறாளா, எடை ஏறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒருநாள் சிரித்ததை வைத்து ஆஸ்துமா இல்லை என்று சொல்லிவிட முடியாது என்று உன்னைப் பார்த்தும் சொன்னார். ஆனால் மருந்துக்கு அடங்காமல், பாலுக்குப் பின்னாலேயே வருகிற இருமல் வேறு கதை சொல்கிறது என்றார். இரைப்பையிலிருந்து பால் எதுக்களித்து மேலேறித் தொண்டையைத் தொட்டால் இந்த இருமலும் வரும், இந்த விசிலும் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், குடித்ததும் தோளில் நிமிர்த்திப் பிடியுங்கள், அப்புறம் சமமான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள், தலைக்கு முட்டுக் கொடுக்காதீர்கள், தொட்டில் வேண்டாம் என்றார். விலா உள்ளே இழுத்தாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

உடனே ஒன்றும் நிற்கவில்லை. மெல்லத்தான் குறைந்தது. மருந்தடிக்கும் காலைகளில் அத்தை குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு வாசலில் நடப்பார். "டாக்டரம்மா சொன்னாக, நிமித்தியே வச்சிருக்கணும்னு" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவார். மகள் நடக்கத் தொடங்கியபோது இருமல் போயிருந்தது. பந்தலைப் பிரிக்காமலே விட்டோம். தேனி போய்வந்த பிறகு முதல்முறை நீ வந்தபோது அத்தை முதலில் சன்னலைச் சாத்தினார். பிறகு குழந்தையை உன் மடியில் வைத்தார்.

"இந்தா ஆத்தா, நீயே வச்சுக்க."

உன்னைப் பக்கத்திலிருந்து பார்த்தே பழகியதால் கேட்ட விசிலையெல்லாம் உன்னுடையது என்று நினைத்தேன். அதற்குள்ளேயே வாழ்ந்த உனக்கு, அவளுடைய சத்தம் வேறு என்று கேட்டது. இதை யோசிக்கும்போதெல்லாம், அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள நீ எவ்வளவு கொடுத்திருக்கிறாய் என்று தோன்றும். போன பனிக்காலத்தில் உன் இழுப்பு உன்னைக் கொண்டுபோனது. தேனி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று உன்னைப் பெற்ற அத்தா போனில் சொன்னார். அவர் குரலிலும் அன்று மூச்சு இல்லை.

"நான் மறந்து வந்துட்டா? உன் பையிலயும் ஒண்ணு கெடக்கட்டும்" என்று நீ தந்த நீலக் குழாய் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. அதன் காலம் முடிந்துவிட்டது. இன்று காலை, அத்தை சன்னலைச் சாத்திய கொஞ்சநேரத்தில், பள்ளிக்குக் கிளம்பிய மகள் பேனா தேடிப் பையைத் திறந்து அதை எடுத்தாள்.

"இது எனக்காம்மா?"

"இல்லடா தங்கம். உனக்கு இல்ல."

சொன்ன பிறகு, ஆண்டிபட்டிக்குக் கிளம்பவிருந்த அந்தக் காலையில் மூச்சு வாங்க வாங்க நீ என்னிடம் சொன்னதும் இதுதான், உன் இழுப்பு அவளுக்கு இல்லை என்பதுதான், என்று நினைத்துக்கொண்டேன். குழாயை அவள் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.