ஹார்னுக்கு நேரே நான் உட்கார்ந்ததே இல்லை

அன்புள்ள நந்தினி நைனாவுக்கு,

இருபத்தாறு வருடத்தில் உங்களைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. எழுதும்போதாவது எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. வழக்கம்போல நம் மகள் பெயரை முன்னால் வைத்தே கூப்பிடுகிறேன்.

நான் சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். நகரியில் தெரிந்தவர்கள் எல்லாரும் வந்து என் எதிரில் உட்கார்ந்து, நான் அழுவேன் என்று காத்திருந்து, காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். அழுகை வரவில்லை. வராததற்கு வருத்தப்படவும் தோன்றவில்லை. மரத்துப்போன கால்மேல் யாரோ கை வைத்த மாதிரி எல்லாம் தூரத்தில் நடக்கிறது.

போன மாதம் கூரியர்காரர் வந்தார். வாசலில் நின்று, "சாரு உன்னாரா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். நீங்கள் இல்லை என்று சொன்னேன். வெளியே போயிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சின்னப் பெட்டி, ஆனால் அம்மிக்குழவி மாதிரி கனம். பிரிக்காமலே தெரிந்தது. நீங்கள் கடைசியாக வரவழைத்த கம்ப்ரஷன் டிரைவர்.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்று சொல்கிறேன். ஸ்பீக்கரில் மேல்சத்தத்தைத் தருவது கம்ப்ரஷன் டிரைவர், அதற்கு உள்ளே ஒரு மெல்லிய தகடு அதிரும். அது தள்ளுகிற காற்று சின்ன வழிகளில் நெருக்கப்பட்டு வெளியே வந்து, ஹார்னுக்குள் விரியும். தூரத்தில் போகிறவரைக் கூப்பிட வாயைச் சுற்றிக் கைகளைக் குவிக்கிறோமே, அதுதான் ஹார்ன் செய்கிற வேலை. மூன்று வருடம் உங்களோடு இருந்து கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

திருப்பதியில் ஒரு பழைய சினிமா கொட்டகையை இடித்தபோது, அங்கே கிடந்த அலுமினிய ஹார்ன் ஒன்றை நீங்கள் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்த அன்று, "இன்னாங்க, கல்யாணத்துக்கு மைக்செட் கட்டப் போறீங்களா?" என்று கேட்டேன். நீங்கள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். பதினைந்து வயதிலிருந்து விசைத்தறிச் சத்தத்தில் நின்ற மனிதர், ஐம்பது வயதில் வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்யக் கிளம்பினார். நான் அதைப் பைத்தியம் என்றேன். ஆனால் அதைத் துடைத்தபோது உங்கள் முகத்தில் இருந்த அமைதியை நான் பார்க்காமல் இல்லை.

டிரைவர் எது என்பதில்தான் நமக்குள் சண்டை. சென்னையிலிருந்து உங்கள் சிநேகிதர் இரண்டு டிரைவர் இரவல் கொடுத்திருந்தார். ஒன்றில் டைட்டானியம் தகடு. இன்னொன்றில் பிளாஸ்டிக் மாதிரி மெல்லிய படலம். மாற்றி மாற்றி மாட்டினீர்கள். நான் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து தறி நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றிக்கொண்டே கேட்பேன்.

"பிளாஸ்டிக்கு வேணாம்டி. கம்பளி போத்திக்கினு பாடற மாதிரி கீது. டைட்டானியம் பாரு, பளிச்சினு கீது."

"எனக்கு அது ஊசி வெச்சிக் குத்தற மாதிரி கீதுங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

ஹார்னிலும் அப்படித்தான். ஒடுக்கமான நீள ஹார்ன் வேண்டும் என்றீர்கள். அது டார்ச் வெளிச்சம்போல ஒலியை ஒரே இடத்துக்கு அனுப்பும். எதிரில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்தால் அவருக்குத் துல்லியமாகக் கேட்கும். வாய் அகன்ற ஹார்ன் என்றால் அறை முழுக்கப் பரவும், ஆனால் அந்தத் துல்லியம் இருக்காது என்றீர்கள். நாற்காலியில் உட்காரப்போவது நீங்கள். எனக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லியாக வேண்டும். திருப்பதியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிற நந்தினி அன்று லீவில் வந்திருந்தாள். போனில் ஏதோ ஒரு ஆப் வைத்து, சுருதியை அடியிலிருந்து உச்சிவரை ஏற்றிக்கொண்டே போகச் சொன்னீர்கள். டிரைவரைச் சோதிக்கத்தான். சுருதி ஏறிக்கொண்டே போனது. போன் திரையில் நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்று வந்தது. கீச்சென்ற சத்தம் தாங்காமல் நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"ஏன் நிறுத்திட்டே?" என்று நந்தினியைக் கேட்டீர்கள்.

அவள் நிறுத்தவில்லை. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, "போன்ல ஏதோ கோளாறுங்க" என்றேன்.

நீங்கள் சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள். டைட்டானியம் ஏன் உங்களுக்குப் பளிச்சென்று இருந்தது என்று அப்போது புரிந்தது. அது ஒன்றுதான் உங்கள் காதுக்குக் கொஞ்சமாவது எட்டியது. அன்றிலிருந்து நீங்கள் எதை மாட்டிக் கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்றே சொன்னேன். அது இரக்கமா, சோம்பலா? இன்றைக்கும் தெரியவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, மரத்தில் புது ஹார்ன் செய்யச் சொல்லி வைத்திருந்த ஆசாரியைப் பார்க்கச் சித்தூர் போனீர்கள். அங்கிருந்து நந்தினியைப் பார்க்கத் திருப்பதி பஸ் ஏறினீர்கள். ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறீர்கள் என்றுதான் கண்டக்டர் நினைத்தாராம். புத்தலப்பட்டு தாண்டி, டிக்கெட் பார்க்கத் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்திருக்கிறது. வலித்ததா? யாரையாவது கூப்பிட்டீர்களா? அந்த பஸ்ஸில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்கிறார்கள்.

பெட்டியை நான்கு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். நந்தினி வந்துதான் பிரித்தாள். உள்ளே இருந்த காகிதத்தைப் படித்துவிட்டு, "யம்மா, இது டைட்டானியம் இல்ல" என்றாள். இன்னொரு தடவை படித்தாள். "பிளாஸ்டிக்தான் ஆர்டர் போட்டுக்கீறாரு."

கடைக்காரர் மாற்றி அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். ஆர்டர் போட்ட மெசேஜ் உங்கள் போனில் இருந்தது. நீங்கள் போட்டதுதான். டைட்டானியம்தான் என்று என்னோடு மல்லுக்கு நின்றவர் ஏன் இதைப் போட்டீர்கள்?

ஹார்னை வாங்கிவரத் திருப்பதிக்குப் போய், நந்தினியையும் கூட்டிக்கொண்டு சித்தூருக்கு பஸ் ஏறினேன். புத்தலப்பட்டில் பஸ் நின்றபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வேர்க்கடலை விற்கிற பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்த டிராக்டரில் கரும்பு ஏற்றியிருந்தார்கள். பஸ் கிளம்பியது. அவ்வளவுதான்.

ஆசாரிக்கு உங்கள் வயதுதான் இருக்கும். விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, உள்ளிருந்து ஹார்னைக் கொண்டுவந்து வைத்தார். வேப்பமரத்தில் செய்தது, வாய் முறம்போல அகலமாக இருந்தது.

"இது ஒடுக்கமா இல்ல இருக்கணும்?" என்றேன்.

"மொதல்ல அப்டித்தாம்மா சொன்னாரு. கடைசியா வந்தாரே, அன்னிக்கி டிராயிங்கயே மாத்திட்டாரு. 'நான் எதிர்ல குந்திக்கினு கேட்டு இன்னாத்துக்கு ஆசாரி? எனக்குப் பாதிக் காது போய்டிச்சி. அவ ஓரமா குந்திக்கினு தார் சுத்திக்கினே கேப்பா, அந்தாண்ட போய் விழணும் சத்தம்'னாரு."

"காது போய்டிச்சினு அவரே சொன்னாரா?"

"ஆமாம்மா. 'வூட்ல அவளுக்கும் தெரியும், நான் ஒடஞ்சி பூடுவேன்னு கம்முனு கீறா. நானும் கம்முனு கீறேன்'னு சிரிச்சாரு."

நந்தினி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஹார்னின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. "நல்லா இழைச்சிக்கீறீங்க" என்றேன். நீங்கள் எப்படிச் சிரித்தீர்கள் என்று அவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உங்கள் நோட்டைப் பார்த்து நந்தினி எல்லாவற்றையும் மாட்டினாள். சால்டரிங் அவளுக்கு நன்றாக வருகிறது. ஓர் இடத்தில் மட்டும் நின்றுவிட்டாள். கீழே இருக்கிற பெரிய ஸ்பீக்கரைவிட டிரைவர் சத்தம் கூடுதலாம், அதை அடக்க நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டுமாம். எவ்வளவு என்று எழுதவேண்டிய இடத்தில் நீங்கள் எண் எழுதவில்லை. "கௌரி" என்று என் பெயரை எழுதியிருந்தீர்கள்.

உங்கள் நாற்காலியை எதிரில் இழுத்துப் போட்டு அவள் என்னை உட்காரவைத்தாள். ஹார்னுக்கு நேரே நான் உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் நீங்கள் போடுகிற நாதஸ்வரத்தைப் போட்டாள். ரெசிஸ்டரை மாற்றி மாற்றி வைத்தாள். "கொஞ்சம் கத்துது" என்றேன். "இப்ப ரொம்ப அடங்கிப் போச்சி" என்றேன். ஐந்தாவதில், "இது" என்றேன். வாசிப்பவர் மூச்சு இழுப்பது கேட்டது. நந்தினி அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு, ஒலி சரியாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

அப்போதுதான் உங்கள் தம்பி குமார் சாப்பிட வந்தார். சின்ன வயதிலிருந்தே உங்களோடு தறியில் நின்றவர், நீங்கள் போனபிறகு தறிகளை அவர்தான் ஓட்டுகிறார். தட்டை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார்.

"சூப்பரா கீது அண்ணி. ஆனா இன்னா, ஜால்ராவே காணோம்? ஜால்ரா இல்லாமயா வாசிக்கறாங்க?"

ஜால்ரா தெளிவாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு முப்பத்தொன்பது வயது. நந்தினி என்னைப் பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த மாதிரியே. போனில் கோளாறு என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது.

"ஜால்ரா கீது குமாரு. உனக்குத்தான் கேக்கல. தறிச் சத்தத்துல உனக்குக் காது போய்க்கினு கீது."

"இன்னா அண்ணி, என்னைச் செவிடுன்றீங்களா?"

"உங்க அண்ணனுக்கும் இப்டித்தான் ஆச்சி. எனக்குத் தெரியும். அவருகிட்ட நான் சொல்லல. உங்கிட்ட சொல்றேன்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். "அண்ணன் செத்துப் பூட்டான்னு இன்னும் ஊரே பேசிக்கினு கீது, அதுக்குள்ள என்னையும் நோயாளி ஆக்கறீங்க" என்று தெருவில் நின்று கத்தினார். அன்று மத்தியானம் தறி ஓடவில்லை. நான் பயந்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் தார் சுற்றுகிற கை நின்றுவிட்டது. உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்களும் இப்படிக் கத்தியிருப்பீர்களா? கத்தியிருந்தால்தான் என்ன?

மறுநாள் காலையில் வந்து படியில் நின்றார். உள்ளே வரவில்லை.

"அண்ணி, திருப்பதிக்கு எத்தினி மணிக்கு பஸ்சு?"

வருகிற செவ்வாய்க்கிழமை போகிறோம். அங்கே காது டாக்டரிடம் நந்தினி பெயர் கொடுத்து வைத்திருக்கிறாள், குமாருக்கும் எனக்கும். போன காது திரும்பி வராது என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். இருக்கிறதைக் காப்பாற்றலாமாம். இனி நம் தறிக் கொட்டகைக்குள் காதை அடைக்காமல் யாரையும் விடமாட்டேன், நானும் நுழையமாட்டேன். கேட்காததைக் கேட்காது என்றும், நன்றாக இல்லாததை நன்றாக இல்லை என்றும் முகத்துக்கு நேரே சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் நந்தினியின் அம்மா,
கௌரி