சிரட்டையில் ஊற்றிய தேத்தண்ணி

காந்திக் கண்ணு,

அழுதழுது தூங்கிவிட்டாய், எழுப்ப மனம் வரவில்லை. இட்டலி மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு.

உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் இராக்கம்மா ஏன் இன்று வரவில்லை என்று கேட்டாயே. நேரே சொல்ல வாய் கூசுகிறது, கதையாகச் சொல்கிறேன்.

பெரிய பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு மூத்த வகுப்பு அக்கா ஒருத்தியைத் துணை வைப்பார்கள். அப்படி ஒரு கடைக்கார வீட்டுக்கு வந்தவள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நேற்றுக் காலை அந்த வீட்டு அத்தை அவளைக் கொல்லையில் நிறுத்தி, லயக் குடியிருப்பு ஆட்களுக்குக் கொடுப்பதுபோல் சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றினாள். அவளும் குடித்தாள்.

"காந்தி கணக்குக்குப் பயப்படுறா. நான் பாத்துக்கிறேங்கம்மா."

"கொழுந்து கிள்ளுற கைக்குக் கணக்கு வேறயா?" என்றாள் அத்தை.

அந்தப் பிள்ளை சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, உன்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவள் தங்கியிருக்கும் விடுதிக்குத்தான் போகிறேன், மன்னிப்புக் கேட்க. அவள் வரமாட்டேன் என்றால், நாளை நீ தனியாகப் போவது என்னால்தான்.

அத்தை

ஓரத்தில் இடமிருக்கிறது, இதையும் கேள். வெள்ளித் தம்ளரை விளக்கி வை. வந்தால் முன்வாசலால் அழைத்து அதில் அவளுக்குக் கொடு. சிரட்டையை எறிந்துவிடாதே, எனக்கு அதில் ஊற்று.