முகூர்த்தத்துக்குக் கறுப்புப் பட்டு

அருகன் துணை
மதராஸ், 4-3-1968

அன்புள்ள உமாபதி முதலியாருக்கு,

மார்வலி வந்து ஆறு வாரம் ஆகிறது. மகள் வீட்டில் உப்பில்லாத சோறும் சாய்வு நாற்காலியுமாகக் கிடக்கிறேன். கடையை மருமகள் கனகமாலா பார்த்துக்கொள்கிறாள். உமக்கு ஒரு ஆர்டர்: முகூர்த்தப் புடவை, உடல் கறுப்பு, கரை வெள்ளை. உடனே தறியில் ஏற்றும்.

நேமிநாதன்


சிவமயம்
காஞ்சிபுரம், 7-3-1968

மதிப்பிற்குரிய நயினார் அவர்களுக்கு வணக்கம்.

இங்கு யாவரும் சுகம். தாங்கள் சொன்னபடியே செய்கிறேன். நல்ல யோசனை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உமாபதி


அருகன் துணை
மதராஸ், 10-3-1968

முதலியாரே,

கல்யாணப் பெண்ணுக்குக் கறுப்புப் புடவை நல்ல யோசனையா? இருபது வருஷத்தில் நான் சொன்ன எந்த நிறத்துக்கு நீர் தலையாட்டியிருக்கிறீர்? சோதிக்கத்தான் அப்படி எழுதினேன். எல்லாரும் என்னைக் கழித்துக் கட்டிவிட்டீர்கள் என்று தெரிந்துபோயிற்று. மறுத்துப் பேச ஆளில்லாத கடையில் எனக்கு என்ன வேலை? விற்றுவிட்டு இங்கேயே இருந்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

கரை அகலத்துக்காக உம்மோடு கத்திக்கொண்டிருந்தபோதுதான் விழுந்தேன். அதை நீர் மனசில் வைத்துக்கொண்டிருப்பதாகக் கனகமாலா எழுதினாள். டாக்டரைக் கேட்டேன். "இது வருஷக்கணக்கா சேர்ந்தது. சிகரெட்ட விடுங்க, முதலியார விடாதீங்க" என்று சிரித்தார். தினம் இரண்டு மணி நேரம் கடையில் உட்காரலாமாம். மூட்டை தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது.

நான் வரட்டுமா, வேண்டாமா? நிஜத்தைச் சொல்லும்.

நேமிநாதன்


சிவமயம்
காஞ்சிபுரம், 14-3-1968

நயினாருக்கு,

நிஜம்தானே வேண்டும்? பட்டு நூலை எடுத்துக்கொண்டு சாயக்காரர் வீராசாமியிடம் போனேன். "நயினாருக்கு மாருலதானே வலி, உனக்கு தலையிலயாபா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். இருந்தும் சாயம் ஏற்றி வாங்கி வந்துவிட்டேன். என் வீட்டுக்காரி கிருஷ்ணம்மாள் அதை வீட்டுக்குள் விடவில்லை. கிணற்றடிக் கொடியில் தொங்குகிறது. அதன் செலவு உங்கள் தலையில்தான்.

அன்றைக்கு நீங்கள் கடை மெத்தையில் சரிந்ததும் என் வாய் அடைத்துப்போயிற்று. இந்த ஏழு வாரமாக யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று கிருஷ்ணம்மாளே பயந்துவிட்டாள்.

கடையை விற்கிற பேச்சை இன்னொரு தரம் எடுத்தால் தெரியும் சேதி. திங்கட்கிழமை வாருங்கள். பத்து மணிக்கு உட்காரலாம். பன்னிரண்டு அடித்ததும் நானே எழுப்பி அனுப்புவேன். மாடிப்படிக்குக் குறுக்கே பெஞ்சு போட்டாயிற்று.

அன்றைக்குப் பாதியில் நின்ற பேச்சுக்கு வருகிறேன். கரை எட்டு விரல்தான். நீங்கள் சொன்ன ஆறு விரல் சுத்தத் தப்பு.

மறுப்பு இருந்தால் நேரில்.

உமாபதி