இடப்பக்கம் இழுக்கும் கை

மச்சான்,

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் ப்ரேக் எண்ணெய் வாடை போகவில்லை. வட்டவளையில் காலையிலிருந்து மழை. உன் கார் என் வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறது. அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதற்கும் உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

போன வாரம் தகுதிப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன், ஃபெயில். உன் மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். "அப்பா கார்லதான் மாமா கோயிலுக்குப் போவேன்" என்று ஒரே பிடிவாதம். நீ கண்ணை மூடிய பிறகு அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். முடியாது என்று எப்படிச் சொல்வது?

பரிசோதித்தவர் சிங்களவர், நல்ல மனுஷன். ரப்பர் விரிப்பைத் தூக்கியவர், துருவேறிய ஓட்டைமேல் நீ அடித்துவைத்த தேயிலைப் பெட்டிப் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஸ்டியரிங்கில் ஆட்டம், ஒரு வைப்பர் வேலை செய்யவில்லை. அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். கடைசியில் ப்ரேக்கைப் பார்த்துவிட்டு, "வம் பெத்தே ப்ரேக் நே" என்றார். முன்பக்கம் இடது சக்கரத்தில் ப்ரேக்கே இல்லையாம். மிதித்தாலும் பிடிக்காமல் பல வருஷமாகவே இறுகிக் கிடக்கிறதாம். இதை வைத்துக்கொண்டு இந்த மலையில் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டார்.

நல்லதண்ணிக்கு யாத்திரைக்காரர்களை ஏற்றிப்போவோமே, அந்த இறக்கங்கள் ஞாபகம் வந்தன. இரண்டாம் கியரிலேயே கார் முனக முனக இறங்குவாய். "கியர்ல எறங்குனா ப்ரேக்கு எதுக்கு மச்சான்?" என்பாய். நிறுத்தும்போது மட்டும்தான் மிதிப்பாய். மிதிக்கும்போதே உன் கை ஸ்டியரிங்கை இடப்பக்கம் லேசாக இழுக்கும். அது உன் ஸ்டைல் என்றுதான் நினைத்திருந்தேன். என்னை ஓட்டவிட்டபோது நானும் அப்படியே இழுத்தேன். வலது ப்ரேக் மட்டும் பிடித்து வலப்பக்கம் ஓடப்பார்த்த காரை இத்தனை வருஷமும் இரண்டு பேரும் இழுத்துப் பிடித்திருக்கிறோம். அதுகூடத் தெரியாமல் ஓட்டியிருக்கிறோம், பார்.

நேற்று கராஜில் மெக்கானிக்கோடு நானும் குனிந்து கிடந்து எல்லாவற்றையும் மாற்றினோம். இடுப்பு விட்டுப்போய்விட்டது. இன்று காலை மறுபடி கொண்டுபோனேன், பாஸ்.

அங்கிருந்து நேராக லிந்துலைக்கு உன் வீட்டுக்குத்தான் போனேன். வாசலில் ப்ரேக்கை மிதித்தேன். கார் நேராக நிற்கத்தான் பார்த்தது. என் கைதான் இடப்பக்கம் இழுத்துவிட்டது. இன்னும் ஒரு சாண் போயிருந்தால் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியிருப்பேன். உன் மகள் வெளியே வந்து பார்த்தாள்.

"அப்பாவும் இப்படித்தான் மாமா நிப்பாட்டுவாங்க" என்றவள், சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று நான்தான் ஓட்டுகிறேன். ப்ரேக் சரியாகிவிட்டது மச்சான். கைதான் இன்னும் இழுக்கிறது.