கரண்டு இறங்கியும் அடங்காத வால்வு பெட்டி

சனிக்கிழமை இரவு, லிந்துலை.

இன்னைக்குத் திருவிழாக் கச்சேரியில நான்தான் ராஜா. கீபோர்டு செல்வம் காலையிலேயே சொல்லிட்டான்: "மச்சான், ஒன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் பெட்டி சூட்டுல குளிர் காயத்தான் லாயக்கு. இன்னைக்குக் கவுத்தா, இனி பேண்டுல பேஸ் கித்தார் வேற ஆளு."

நாலாவது பாட்டுல தேயிலை ஃபெக்டரியில கொழுந்து உருட்டுற ரோலரை ஓட்டிட்டாங்க. கரண்டு இறங்குச்சு. செல்வத்தோட புது டிஜிட்டல் பெட்டி பொசுக்குன்னு அணைஞ்சிருச்சு. என் பெட்டியில வால்வு கொஞ்சம் மங்குச்சு, ஆனா சத்தம் நிக்கல. நான் தனியா பேஸ் அடிச்சேன், தப்பு மேளக்காரங்க சேந்துக்கிட்டாங்க. சனம் எழும்பி ஆடுச்சு. தலவாக்கலையில ரயிலே நின்னு கேட்டுட்டுத்தான் போயிருக்கும்.

முடிஞ்சதும் செல்வம் வந்து பெட்டி மேல கையை வச்சுக் குளிர் காஞ்சான்.

"அடுத்த வருசமும் இதையே கொண்டா மச்சான்."

"அதுக்கென்ன, இப்பத் தூக்கு"ன்னேன். என் லயத்து வீடு வரைக்கும் அவனே சுமந்தான்.